மங்கலான சிக்கடீயும் திறந்த ஜன்னலும்: ஒரு குளிர்கால ஃபீடர், ஒரு நிகழ்வு ஆய்வு

நவம்பர் நடுவில், பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஃபீடரைத் தொங்கவிட்டேன். ஜனவரி முதல் வாரம் முடிவதற்குள் நான்காயிரத்துச் சொச்சம் படங்கள் எடுத்திருந்தேன். முழு அளவில் திறந்து பார்த்துவிட்டு "சரி, இது தேறும்" என்று சொல்லும்படி அதில் ஒன்றுகூட இல்லை. கண்ணும் மங்கல், இறகும் மங்கல். நனைந்த மஸ்லின் துணி வழியாக எடுத்ததுபோல எல்லாமே ஒரே மாதிரி குழைந்து கிடந்தது. ஏழு வாரம் லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் லென்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை.

எங்கே பிழை, எப்படிக் கண்டுபிடித்தேன், அதைச் சரிசெய்யப் போன இடத்தில் வேறு என்னவெல்லாம் தெரிந்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அமைப்பு

வட அமெரிக்கக் குளிர்காலம், வீட்டின் பின்புறம். சமையலறை ஜன்னல் தெற்குப் பார்த்தது. அதிலிருந்து 4 மீட்டர் தள்ளி ஓர் இரும்புக் கம்பம், அதில் குழாய் ஃபீடர், உள்ளே கருப்புச் சூரியகாந்தி விதை. இதன் தோல் மெல்லியது, கொழுப்பு அதிகம், சின்ன அலகும் சுலபமாக உடைத்துவிடும். கொக்கியின் மறுபக்கம் கம்பிக் கூட்டில் ஒரு மாட்டுக்கொழுப்புக் கட்டி, மரங்கொத்திக்காக. கேமராவில் ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தைவிடச் சிறிய) சென்சார். லென்ஸ் 400 மிமீ, அதிகபட்ச அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6 (எண் கூடினால் துளை சுருங்கும்).

காகிதத்தில் இது அருமையான அமைப்பு. 4 மீட்டரில் இந்தக் கேமராவும் லென்ஸும் பார்க்கும் அகலம் ஏறக்குறைய 23 செ.மீ. கருந்தொப்பி சிக்கடீ என்ற சின்னஞ்சிறு பறவையின் நீளம் 12 முதல் 15 செ.மீ. அப்படியானால் சட்டத்தில் பாதிக்கு மேல் பறவைதான். இத்தனை பெரிதாக விழும்போது கன்னத்து வெள்ளை இறகில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். எனக்குக் கன்னத்தின் இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் கிடைத்தது.

கண்ணாடி வழியாக எடுத்தால் படம் கெடும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஆரம்பத்திலிருந்தே ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் எடுத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது இது. பின்னால் இதற்கே வருகிறேன்.

முதலில் சந்தேகப்பட்டவை

முதல் சந்தேகம் ஷட்டர்மேல். சிக்கடீ ஓரிடத்தில் நிற்காது. வரும், ஒரு விதையைக் கவ்வும், போய்விடும். அப்புறம் ஏதாவது ஒரு கிளையில் விதையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கொத்தி உடைக்கும். ஃபீடரில் அது நிற்கும் நேரம் ஒரு விநாடி இருந்தால் அதிகம். எனவே ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியிலிருந்து 1/2000-க்கு ஏற்றினேன். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) எகிறியது, படத்தில் மணல் தூவியது, மங்கல் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது சந்தேகம் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாக விழும் தூரம். கணக்குப் போட்டால் 4 மீட்டரில், 400 மிமீ-இல், எஃப் 5.6-க்கு ஆழம் 2 செ.மீ.யை ஒட்டி வருகிறது. எஃப் 8-க்கு 3 செ.மீ. பறவை என்னை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் கண் தெளிவாகவும் வால் கரைந்தும் போகிற அளவு. எஃப் 8, எஃப் 11 எல்லாம் வைத்துப் பார்த்தேன். பயனில்லை.

இங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஷட்டர் போதவில்லை என்றால் மங்கலுக்கு ஒரு திசை இருக்கும், இறகு ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரியும். ஃபோகஸ் தவறியிருந்தால் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது ஒன்று, ஒரு விதையோ கம்பியோ, கூர்மையாக இருக்கும். என் படங்களில் திசையும் இல்லை, எங்கேயும் கூர்மையும் இல்லை. இதைத் தவிர, பின்னணியில் மிருதுவாகக் கரைய வேண்டிய புதர் கிறுக்கலாக, இரட்டைக் கோடு போட்டதுபோல இருந்தது. ஆதாரம் எல்லாம் கண் முன்னால்தான் கிடந்தது. நானோ லென்ஸை எங்கே கொடுத்துப் பழுது பார்க்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

சீட்டுச் சோதனை

பழுதுக்கு அனுப்புமுன் லென்ஸ் உண்மையிலேயே கெட்டதுதானா என்று உறுதிசெய்ய நினைத்தேன். விதைப் பையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்ட சீட்டை வெட்டி, பறவை உட்காரும் இடத்தில் ஃபீடரில் ஒட்டினேன். கேமரா முக்காலியில், ஷட்டர் 2 விநாடி தாமதத்தில். ஒவ்வொரு நிலைக்கும் பத்துப் படம். அன்று வெளியே மைனஸ் 12 டிகிரி, சமையலறைக்குள் 21.

முதலில் ஜன்னலை மூடி எடுத்தேன். பத்தும் ஒரே அளவு மங்கல். எழுத்தின் ஓரத்தில் லேசான நிழல் எழுத்து ஒன்று தெரிந்தது. அது இரட்டைக் கண்ணாடியின் வேலை. இது எதிர்பார்த்ததுதான்.

அடுத்தது ஜன்னலைத் திறந்து, வழக்கம்போல. இதைத்தான் மறக்க முடியாது. பத்துப் படமும் பத்து விதமாக இருந்தன. கேமராவும் அசையவில்லை, சீட்டும் அசையவில்லை. மூன்றாவது படத்தில் ஓரளவு படிக்க முடிந்த சொல், நான்காவதில் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளிந்திருந்தது. ஏழாவதில் "a", "e" எழுத்துகளின் சுழி எல்லாம் அடைபட்டுப்போய் வெறும் புள்ளிகளாக இருந்தன. கெட்ட லென்ஸ் எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி கெடுக்கும். படத்துக்குப் படம் மாறுகிறதென்றால் நடுவில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதாகச் சமையலறையில் ஹீட்டரை அணைத்து, உள்கதவைச் சாத்தி, ஜன்னலை ஒரு மணி நேரம் திறந்தே போட்டேன். (வீட்டிலிருந்தவர்கள் சொன்னதை இங்கே எழுதவில்லை.) அறை குளிரக் குளிர எழுத்துகள் தெளிந்தன. கடைசியாகக் கேமராவை வெளியே தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தேன். முதல் சில நிமிடம் மங்கல்தான். அரை மணி கழித்து எடுத்த பத்திலும் பொடி எழுத்து முழுதாகப் படிக்கக் கிடைத்தது, பையின் இழைநெசவு உட்பட.

குற்றவாளி காற்று. அறையின் சூடான காற்று திறந்த ஜன்னல் வழியாக வெளியே பாய்கிறது, கீழ்ப்பக்கமாகக் குளிர்காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் கலக்கும் இடம் சரியாக என் லென்ஸின் மூக்குக்கு முன்னால். சூடான காற்றின் அடர்த்தி குறைவு, அது ஒளியை வளைக்கும் அளவும் வேறு. கலங்கும் ஒவ்வொரு திட்டும் ஒரு குட்டி லென்ஸாக வேலை செய்து, ஒளியைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கிறது. கோடையில் தார்ச்சாலை நெளிகிறதே, அதேதான். வெளியே கொண்டுபோன பிறகும் முதல் சில நிமிடம் மங்கியதற்கு லென்ஸில் மிச்சமிருந்த வீட்டுச் சூடு காரணம். லென்ஸ் மூடாக்குக்குள் அந்தச் சூடு தேங்கி நின்று கலங்கும். தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர்கள் அதை முதலில் வெளியே வைத்து ஆறவிட்ட பிறகுதான் கண்ணை வைப்பார்கள். எனக்கு இது யாரோ சொல்லித் தெரிந்த சங்கதிதான். என் சமையலறைக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜன்னல் கண்ணாடியில் மோதிய ஜுங்கோ

சோதனை முடிந்த மறுநாளே ஜன்னலில் "தொப்" என்று ஒரு சத்தம். கீழே பனியில் ஜுங்கோ என்ற சிறு குருவி ஒன்று சிறகு விரிந்து கிடந்தது. மேலே கரும்பலகை நிறம், வயிறு பனி நிறம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, வெளிச்சமும் சத்தமும் இல்லாத, சூடேறாத இடத்தில் வைத்தேன். தண்ணீர், தீனி எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது. ஒரு மணி நேரத்தில் உள்ளே பரபரவென்று நகச் சத்தம் கேட்டது. வெளியே கொண்டுபோய்த் திறந்ததும் நேராகப் புதருக்குள் போய்விட்டது. பெட்டியில் ஒரு துளி எச்சம்தான் மிச்சம்.

ஃபீடரை ஜன்னலிலிருந்து 1 மீட்டருக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். ஒரு மீட்டருக்குள் இருந்தால் மிரண்டு கிளம்பும் பறவை அடிபடும் அளவுக்கு வேகம் பிடிக்காது. 10 மீட்டருக்கு மேல் இருந்தால் அது போகும் பாதையில் ஜன்னல் வருவது அரிது. நடுவில் இருக்கும் தூரம்தான் ஆபத்து. நான் வைத்திருந்த 4 மீட்டர் அந்த நட்டநடு. அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் சாவதாக 2014-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டுவதற்கு நானும் உதவியிருப்பேன்.

இப்படி இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வு வந்து நின்றது. ஃபீடரை வீட்டிலிருந்து 12 மீட்டர் தள்ளி, தோட்டச் சாமான் வைக்கும் மரக்கொட்டகைக்கு எதிரே நகர்த்தினேன். கொட்டகையில் ஹீட்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது. கதவைத் திறந்து ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவு கிழிசல் போட்டேன். உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர், ஆகவே கலங்கவும் எதுவும் இல்லை. கதவு வடகிழக்குப் பார்த்தது என்பதால் நண்பகலுக்குப் பிறகு சூரியன் என் முதுகுப் பக்கம். ஃபீடருக்குப் பின்னால் 10 மீட்டருக்கு மேல் வெற்றுப் பனி, அதற்கப்புறம் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் வேலி. அந்தத் தூரத்தில் வேலி வெறும் கரும்பச்சைப் பூச்சாகிவிடும். பறவைகள் ஒளிந்துகொள்ளப் புதர் 3 மீட்டரில். சிக்கடீக்கள் மறுநாள் காலையிலேயே புதிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. கார்டினல் பறவை ஜோடிக்குத்தான் ஒரு வாரம் யோசிக்க வேண்டியிருந்தது.

வெளிச்சம்

இதில் சொல்ல அதிகமில்லை. கேமராவின் ஒளிமானிக்கு உலகமே நடுச்சாம்பல். பனியைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கும். ஒன்று அல்லது ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டி வைத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொண்டால் முடிந்தது. ஆண் கார்டினலுக்கு மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும். மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு மட்டும் தனியாக எரிந்துபோய், மார்பு இறகு சிவப்பு பெயின்ட் அடித்த பொம்மைபோல ஆகிவிடும். கார்டினல் வருவதும் விடிகிற நேரம், இருட்டுகிற நேரம். அப்போது ஷட்டருக்கும் வெளிச்சம் போதாது. அதன் நல்ல படம் கிடைப்பது பாதி பொறுமை, பாதி அதிர்ஷ்டம்.

வெயிலைவிட மேகமூட்டம் எனக்குப் பிடித்துப்போனது. தரையெல்லாம் பனி என்பதால் கீழிருந்து ஒளி எழும்பி, மற்றக் காலத்தில் இருட்டாகவே கிடக்கும் வயிற்றுப்புறத்தைத் துலக்கிவிடும். இதற்கென்று யாரும் ரிஃப்ளெக்டர் பிடிக்க வேண்டியதில்லை.

காத்திருக்கும் குச்சி

கூர்மை வந்துவிட்டது. ஆனாலும் படம் வரவில்லை. பிளாஸ்டிக் குழாயில் தலையை விட்டுக்கொண்டிருக்கும் பறவையின் முதுகு, துல்லியமாக. அதை யார் பார்ப்பார்கள்?

அந்தக் குளிர்காலத்தில், ஃபீடருக்கு வரும் பறவைகளை எண்ணும் ஃபீடர்வாட்ச் கணக்கெடுப்பிலும் சேர்ந்திருந்தேன். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கனடாப் பறவை அமைப்பும் சேர்ந்து 1987-இலிருந்து நடத்திவருவது. ஒவ்வோர் இனத்திலும் ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை எழுத வேண்டும், வந்துபோகும் தடவையை அல்ல. அதற்காகக் கேமராவைக் கீழே வைத்துவிட்டு நோட்டோடு உட்கார வேண்டியிருந்தது. அப்போதுதான் வரிசை கண்ணில் பட்டது. சிக்கடீக் கூட்டத்தில் மேல், கீழ் என்று அந்தஸ்து உண்டு. மேலே உள்ளது நேராக ஃபீடருக்கு வரும். அது கிளம்பும்வரை மற்றவை பக்கத்துப் புதர்க் கிளையில் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபீடரில் ஒரு விநாடி என்றால் காத்திருக்கும் இடத்தில் இரண்டு மூன்று விநாடி. நான் இரண்டு மாதமாக லென்ஸைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறேன்.

பாசி படர்ந்த ஒரு காய்ந்த கிளையை எடுத்து, ஃபீடரிலிருந்து இரண்டடி தள்ளி, அதைவிடச் சற்று உயரமாகக் கவ்வியால் பிடித்து வைத்தேன். பருமன் பென்சில் அளவு. அதற்கு மேல் தடித்தால் பறவையின் கால் மறைந்துவிடும். முக்கியமான சங்கதி கிளையின் கிடை. அது லென்ஸுக்குக் குறுக்காக, சென்சாருக்கு இணையாக இருக்க வேண்டும். இருப்பதே 2 செ.மீ. ஆழம். கிளை என்னை நோக்கி நீண்டிருந்தால் பறவை இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் ஃபோகஸ் போச்சு. குறுக்காக இருந்தால் எங்கே உட்கார்ந்தாலும் கணக்கு ஒன்றுதான். முதல் நாளே, மூன்றாவது பறவையிலேயே படம் விழுந்தது. கறுப்புத் தொப்பிக்குள் கறுப்புக் கண், கண்ணில் வானத்தின் வெள்ளைப் புள்ளி, மார்புப் பஞ்சின் நுனியில் ஒட்டிய இரண்டு பனித்துகள்.

நட்டு வைத்த கிளையில் எடுத்த படம் இயற்கைப் படமா என்று கேட்பவர்கள் உண்டு. பறவை தானாக வந்தது, தானாகப் போனது. கிளை என்னுடையது. படத்தின் கீழே அப்படியே எழுதிவிடுகிறேன். மறைத்தால்தான் தப்பு.

பிப்ரவரியில் ஒரு மதியம், சிக்கடீக் கூட்டத்திலிருந்து ஊசிபோல மெல்லிய "ஸீ" என்றொரு சத்தம். அடுத்த நொடி தோட்டம் காலி. கொழுப்புக் கட்டியில் தொங்கிய டவுனி மரங்கொத்தி மட்டும் போகவில்லை. அப்படியே உறைந்துவிட்டது. அலகு மேல்நோக்கி, உடம்பு கம்பியோடு ஒட்டி, பின்தலையின் சிவப்புப் பொட்டு என் பக்கம். மரவேலியில் கூப்பர் வல்லூறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. லென்ஸை அங்கே திருப்பக் கை பரபரத்தது. திருப்பினால் துணி அசையும், அசைந்தால் மரங்கொத்தி பறக்கும், பறந்தால் வல்லூறுக்கு வேலை சுலபம். திருப்பவில்லை. எட்டு நிமிடம் மரங்கொத்தி இமைக்கக்கூட இல்லை என்றுதான் தோன்றியது. ஷட்டரை 1/60-க்கு, ஐஎஸ்ஓவை 400-க்கு இறக்கி நிதானமாக எடுத்தேன். அந்தக் குளிர்காலத்தில் ஆகக் கூர்மையான படம் அதுதான். பயத்தின் படம் என்பதால் சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

கண் வீங்கிய ஃபின்ச்

மார்ச் தொடக்கத்தில் வீட்டு ஃபின்ச் என்ற சிறு பறவை ஒன்று வந்து தட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. மற்றவை பறந்தாலும் அது பறக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கண் சிவந்து வீங்கி, பிசின் கட்டி மூடியிருந்தது. மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம் என்ற பாக்டீரியா செய்யும் கண்நோய் இப்படித்தான் இருக்கும். 1994-இல் வாஷிங்டன் நகரைச் சுற்றி ஃபின்ச்சுகளிடம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு கண்டம் முழுக்கப் பரவியது. ஃபீடரின் துளைகளில் தலை உரசினாலே அடுத்த பறவைக்கு ஒட்டிக்கொள்ளும்.

அன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கினேன். சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து ஊறவைத்து, அலசி, ஈரம் போகக் காயவைத்தேன். கீழே குவிந்திருந்த விதைத்தோலைப் பெருக்கிக் கட்டினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்திருக்க வேண்டும். நான் படமெடுக்கும் மும்முரத்தில் நவம்பரிலிருந்து இரண்டே தடவை கழுவியிருந்தேன். இந்தக் கேஸில் என் பெரிய தவறு ஜன்னல் இல்லை, இதுதான்.

அதன்பின் இரண்டு வாரம் ஃபீடர் இல்லை. வெளியே இன்னும் பனி. பழக்கிவிட்டுப் பட்டினி போடுகிறோமோ என்ற உறுத்தல். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வாளர்கள் மார்கரெட் பிரிட்டிங்ஹாமும் ஸ்டான்லி டெம்பிளும் சிக்கடீக்களை வைத்து இதையே சோதித்திருக்கிறார்கள். தீனி கிடைத்த பறவைகள் கடுங்குளிரில் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால், 25 ஆண்டுகள் தீனி வைத்த இடத்தில் ஃபீடரை எடுத்துவிட்ட பிறகும், தீனியே பார்த்திராத இடத்துப் பறவைகளைவிட அவை கூடுதலாகச் சாகவில்லை. பட்டை இடுக்குகளில் தேடித் தின்னும் வித்தையை அவை மறப்பதில்லை. படித்தபின் மனசு ஆறியது. குச்சியை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன். ஃபீடர் இல்லாத இடத்தில் இரண்டு நாள் சிக்கடீக்கள் வந்து அந்தக் குச்சியில் உட்கார்ந்து, காற்றைப் பார்த்துவிட்டுப் போயின.

முடிவில் கையில் இருப்பது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய எடுத்தவை தொள்ளாயிரம் படங்கள். அதில் அறுபத்துச் சொச்சத்தை வைத்துக்கொண்டேன். கேமரா அதே, லென்ஸும் அதே. கொட்டகையில் கற்றுக்கொண்ட சில்லறை வேலைகள் இரண்டு: உபரி பேட்டரி சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். கேமராவை வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்தபின்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும்.

தீராதவையும் உண்டு. நட்ஹாட்ச் என்ற பறவை குச்சியை மதிப்பதே இல்லை. கம்பத்தில் தலைகீழாக இறங்கி வந்து, விதையை எடுத்து, தலைகீழாகவே போகிறது. இன்னொன்றை ஏப்ரலில் படங்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். காத்திருக்கும் குச்சியில் உட்காருவது காத்திருக்க வேண்டியவை மட்டும்தானே? என் சிக்கடீப் படங்களில் பெரும்பாலானவை வரிசையில் பின்னால் நிற்பவை. கூட்டத்தின் பெரிய மனிதர் ஒரு படத்திலும் இல்லை. அவர் குச்சியில் நிற்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அடுத்த நவம்பருக்கு நோட்டில் ஓர் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்: வடக்கு மூலை ஸ்ப்ரூஸ், கீழிருந்து மூன்றாவது கிளை, அங்கிருந்து நேராக ஃபீடர்.